காவடிப் படங்களுக்கு ஒரு லேப் தேடிய கதை

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தைப்பூசத்தன்று, மொரீசியசின் காத்ரு போர்ன் நகரில் கோர் தெ கார்து மலையடிவாரத்துக் கோயிலில் நான் எடுத்த நானூற்றுச் சொச்சம் படங்களிலிருந்து அறுபதைப் பொறுக்கி எடுத்து, நகரத்துக் கடை ஒன்றில் பிரிண்ட் போடக் கொடுத்திருந்தேன். மறுநாள் மாலை உறையை வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் பரப்பியபோது, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்த அம்மா ஒரு படத்தில் நின்றுவிட்டார். "இது உன் பெரியப்பாவா? காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் போல அல்லவா இருக்கிறார்!" என்றார். பத்து நாள் விரதமிருந்து, நெற்றியிலும் தோளிலும் திருநீறு துலங்க, கரிய மேனி வியர்வையில் மின்ன, உச்சி வெயிலில் காவடி சுமந்து வந்த மனிதர் அவர். படத்தில் இருந்த முகமோ சாம்பல் பூத்து வெளிறியிருந்தது. திருநீற்றுக் கோடுகள் எங்கே முடிகின்றன, நெற்றி எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

அந்தப் படத்தில் வேறு இரண்டு குறைகளும் இருந்தன. மொரீசியசில் முருகனடியார்கள் காவடிக்கு உடுத்துவது பெரும்பாலும் பூசியா என்று பிரெஞ்சுப் பெயரால் இங்கே வழங்கும் அடர்ந்த ரோஜா நிறம். தமிழ்நாட்டு ஜவுளிக்கடைகளில் அதை ராணி நிறம் என்பார்கள். பெரியப்பாவின் வேட்டியிலிருந்த மடிப்புகள் அத்தனையும் காணாமற்போய், இடுப்புக்குக் கீழே மை கொட்டியது போல ஒரே திட்டாக அந்த நிறம் நின்றது. காவடியின் உச்சியில் என் அண்ணன் மகள் தன் கையால் செருகிய மயிற்பீலிகளோ கண் இருக்கும் இடத்துக்குக் கீழேயே வெட்டுப்பட்டிருந்தன.

முதலில் என் கேமராவைத்தான் சந்தேகித்தேன். கணினியில் மூலப்படத்தைத் திறந்து பார்த்தபோது திருநீறு தனியாகவும் நெற்றி தனியாகவும் இருந்தன; வேட்டியில் மடிப்புகள் இருந்தன; மயிற்பீலிகளும் முழுமையாக இருந்தன. ஆகவே பிழை நேர்ந்தது கோப்புக்கும் தாளுக்கும் இடைப்பட்ட வழியில். அந்த வழியில் என்னென்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் இனி ஒரு படத்தையும் அச்சிடக் கொடுப்பதில்லை என்று அன்று முடிவு செய்தேன். அதன்பின் ஒன்றரை ஆண்டு காலம் நான் விசாரித்ததையும், கடைகடையாய் ஏறி இறங்கிச் செய்து பார்த்ததையும், எனக்கு ஏற்ற லேப், அதாவது படம் அச்சிடும் கூடம், ஒன்றைக் கண்டுகொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

படங்களைத் தாளில் போட்டுத்தான் ஆக வேண்டுமா என்று கேட்கும் மாணவர்களிடம் நான் காட்டுவது ஒரே ஒரு படத்தைத்தான். மொரீசியசில் 1867ஆம் ஆண்டு வந்த தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக் கூலிகளாக வந்து ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியர் ஒவ்வொருவரும் தம் புகைப்படம் ஒட்டிய சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. மக்களைக் கண்காணித்து அடக்கி வைப்பதற்காக எடுக்கப்பட்ட படங்கள் அவை. ஆனால் அந்தச் சட்டத்தால்தான் என் பாட்டனாருக்குப் பாட்டனாருடைய முகம் எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. மோக்காவில் 1970இல் தொடங்கப்பெற்ற மகாத்மா காந்தி நிறுவனத்தில் இந்தியக் குடியேறிகளின் ஆவணங்கள் பாதுகாக்கப்படுகின்றன. அங்கிருந்து பெற்ற நகலில் அவர் தலைப்பாகையுடன் கேமராவை நேரே பார்த்தபடி இருக்கிறார். தாளில் இருந்ததால் தங்கிய முகம் அது. என் கல்லூரிக் காலத்தில் எடுத்துக் குறுந்தகடுகளில் சேமித்த படங்களில் பாதியை இன்று எந்தக் கணினியாலும் படிக்க முடியவில்லை.

தாளில் இருப்பதெல்லாம் தங்கிவிடும் என்றும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் வீட்டு ஆல்பத்தில் 1970களில் எடுத்த திருமணப் படங்கள் எல்லாம் இன்று செங்கல் நிறமாகிவிட்டன. அக்காலத்து வண்ணத்தாளில் இருந்த நீலச்சாயம் இருட்டில் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் மெல்ல மெல்ல மங்கக்கூடியது. நீலம் போனபின் மஞ்சளும் சிவப்பும் மட்டும் மிஞ்சுகின்றன. இன்றைய தாள்கள் அவற்றைவிட எவ்வளவோ மேல். எந்தத் தாள் எவ்வளவு காலம் தாங்கும் என்பதைப் பல்லாண்டுகளாகச் சோதித்து வெளியிட்டு வரும் ஹென்றி வில்ஹெல்ம் போன்றவர்களின் உழைப்பு அந்த முன்னேற்றத்துக்குப் பெரிதும் உதவியது. இருந்தாலும் எல்லாக் கடைகளும் ஒரே வகைத் தாளையும் ஒரே முறையையும் கையாள்வதில்லை. கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்து இதை அறிந்துகொள்ள முடியாது.

ஆகவே கடைக்குள் நுழைந்ததும் நான் கேட்கும் முதற்கேள்வி, எந்த இயந்திரத்தில் அச்சிடுகிறீர்கள் என்பதுதான். இன்று நாம் வாங்கும் பிரிண்ட் பெரும்பாலும் மூன்று முறைகளில் ஒன்றால் உருவாகிறது. பழைய முறையின் தொடர்ச்சியாக இருப்பது வெள்ளி உப்புத் தாள். பியூஜி நிறுவனத்தின் பிரான்டியர், ஜப்பானின் நோரிட்சு முதலிய மினிலேப்களில் (கடைக்குள்ளேயே வைக்கும் சிறு அச்சு இயந்திரங்களில்), சிவப்பு, பச்சை, நீல ஒளிக்கற்றைகள் தாளின் மேல் படத்தை எழுத, அத்தாள் இருட்டுக்குள்ளேயே ரசாயனத் தொட்டிகளில் இறங்கி ஏறிக் கழுவப்பட்டு, உலர்ந்து வெளியே வரும். அடுத்தது, நுண்ணிய மைத்துளிகளைத் தெளித்து அச்சிடும் இங்க்ஜெட் முறை. இதற்குத் தண்ணீரும் ரசாயனமும் வேண்டாம் என்பதால் 'டிரை லேப்' என்று சொல்கிறார்கள். மூன்றாவது, பேரங்காடிகளில் நாமே தொடுதிரையைத் தொட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் பெட்டிகளில் உள்ள முறை: சாய நாடாவைச் சூடாக்கி, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகத் தாளில் ஏற்றி, கடைசியில் ஒளிபுகும் மேற்பூச்சு ஒன்றையும் இடுவது. இந்த மேற்பூச்சு இருப்பதால் விரல்ரேகையும் தண்ணீரும் அப்படத்தை எளிதில் கெடுப்பதில்லை. கடவுச்சீட்டுப் படத்துக்கும், விருந்தாளி புறப்படுமுன் கையில் கொடுத்தனுப்பும் படத்துக்கும் அது போதும்.

கடைக்காரருக்கே சில வேளை பதில் தெரியாது. அல்லது நம்மைச் சமாதானப்படுத்தும் பதில் ஒன்றைச் சொல்வார். அதனால் நகை மதிப்பவர்கள் கண்ணில் இடுக்கிப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். கன்னமும் காதும் சேரும் இடத்தில் அந்த லென்ஸை வைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். வெள்ளி உப்புத் தாளில் புள்ளியே தெரியாது. வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு நிறம் பாலில் நீர் கலப்பதுபோல வழுக்கிக்கொண்டு போகும். இங்க்ஜெட் படத்தில், அதிலும் வெளிச்சமான இடங்களில், தூவிய மஞ்சள்தூள்போல நுண்துளிகள் தெரியும். புத்தகம்போல் கட்டித் தரும் ஆல்பங்கள் பெரும்பாலும் புத்தகம் அச்சிடும் பொறியிலேயே அடிக்கப்படுவதால், அவற்றில் புள்ளிகள் வட்டமாகக் கூடிச் சிறு பூக்களாக நிற்கும். வெறுங்கண்ணுக்கு இவை எதுவும் தெரியாது என்றாலும், முகங்களின் வழவழப்பில் இந்த வேறுபாடு நமக்குத் தெரியாமலே நம் மனத்தில் படத்தான் செய்கிறது.

வெள்ளி உப்பு முறைதான் சிறந்தது என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியவில்லை. அந்த முறை நன்றாக நடப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: தொட்டியில் உள்ள டெவலப்பர் என்னும், படத்தை வெளிக்கொணரும் ரசாயனம் காற்றுப்பட்டால் வீரியம் இழக்கும், தாள் ஓட ஓடத்தான் இயந்திரம் புதுக் கரைசலை ஊற்றிக்கொள்ளும். நாளொன்றுக்குப் பத்துப் படம் மட்டும் அச்சிடும் கடையில் தொட்டிக் கரைசல் பழசாகிக்கொண்டே இருக்கும். நிறமும் நாளுக்கு நாள் நழுவும். நல்ல லேபில் தினமும் காலையில் ஒரு சோதனைத் தாளை ஓட்டி, அதன் அடர்த்தியைக் கருவியால் அளந்து குறித்து வைப்பார்கள். இதைச் செய்கிறீர்களா என்று கேட்டால் முகம் மலர்பவரும் உண்டு, முறைப்பவரும் உண்டு. நான் பழைய பிரிண்ட் ஒன்றை வாங்கி, அதன் வெள்ளை ஓரத்தை மட்டும் புதிய தாளோடு ஒட்டி வைத்துப் பார்ப்பேன். ஓரம் பழுப்பேறியிருந்தால் சரியாகக் கழுவவில்லை என்று ஐயப்படலாம். மீன்கடையில் கூட்டமுள்ள கடையைத் தேடிப் போவதுபோல, ரசாயன லேபிலும் ஓட்டமுள்ள இடத்தைத் தேடிப் போவதே நல்லது.

இனி, பெரியப்பாவின் முகத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் மனவருத்தம் தந்தது அதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

எந்த லேப் இயந்திரத்திலும் படத்தைத் தானே திருத்தும் நிரல் ஒன்று உண்டு. படம் மொத்தத்தில் இருட்டாக இருக்கிறது என்று அதற்குத் தோன்றினால் வெளிச்சத்தைக் கூட்டும். ஒரு நிறம் மிகுந்திருப்பதாகத் தோன்றினால் அதைக் குறைத்து நடுநிலைக்கு இழுக்கும். கடற்கரையில் விடுமுறைப் படம் எடுத்தவர்களுக்கு அது பெரும்பாலும் உதவியாகவே இருக்கும். ஜனவரி மாத உச்சி வெயிலில், காவடி வளைவின் நிழல் விழுந்த கரிய முகத்தை நிரல் பார்க்கும்போது, 'இது வெளிச்சம் போதாத படம்' என்று எடுத்துக்கொள்கிறது. வெளிச்சத்தைக் கூட்டியதும் முகம் சாம்பலாகிறது. திருநீறு கரைந்து போகிறது. படம் முழுவதும் ராணி நிறம் நிறைந்திருப்பதைக் கண்டு, அதையும் சமன் செய்யப் புறப்படுகிறது. எங்கள் தோலின் நிறத்தையும் எங்கள் திருவிழாவின் நிறத்தையும் ஒரே நேரத்தில் பிழையென்று எண்ணித் திருத்திவிட்டது அந்த இயந்திரம்.

இதற்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. பிலிம் காலத்தில் லேப்கள் தங்கள் இயந்திரத்தைச் சரிபார்க்க, கோடாக் நிறுவனம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் அச்சிட்ட அட்டையை 1950கள் முதல் அனுப்பி வந்தது. அதில் முதலில் இடம்பெற்றவரின் பெயரால் அதை 'ஷெர்லி அட்டை' என்பார்கள். ஷெர்லியின் கன்னம் சரியாக வந்தால் இயந்திரம் சரி. உலகத்திலுள்ள மற்றவர்களின் கன்னங்கள் எப்படி வந்தாலும் சரி. கரிய நிறங்களைப் பிலிம் சரியாகக் காட்டவில்லை என்று சாக்லேட் செய்பவர்களும் மரச்சாமான் விற்பவர்களும் முறையிட்ட பிறகுதான் பிலிமில் மாற்றம் வந்தது என்று படித்தபோது நெடுநேரம் எனக்கு மனம் ஆறவில்லை. பல நிறத்தவரும் இடம்பெற்ற அட்டைகள் 1990களில்தான் பரவலாயின. இன்றைய நிரல்கள் எவ்வளவோ தேறியவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நாம் வாய்திறந்து சொல்லாதவரை, கடையில் அந்தத் தானியங்கித் திருத்தம் இயங்கிக்கொண்டேதான் இருக்கும்.

ஆகவே நான் கேட்கும் இரண்டாம் கேள்வி, திருத்தமே இல்லாமல் அச்சிட்டுத் தருவீர்களா என்பது. 'தருகிறோம்' என்ற பதில் மட்டும் போதாது. பல இயந்திரங்கள் பிரிண்டின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் திருத்த அளவுகளை அச்சிடும். திருத்தம் செய்யாதபோது அந்த இடத்தில் சுழிகளோ, 'N' என்ற ஆங்கில எழுத்தோ வரிசையாக இருக்கும். என் அறுபது படங்களையும் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு எண்கள் இருந்தன.

கேள்விகளால் அறிய முடிவதற்கு ஓர் எல்லை உண்டு என்று கண்டதும், ஒரு சோதனைப் படத்தை நானே தயாரித்தேன். இதற்கு இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. 20க்கு 30 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரே கோப்பில், கறுப்பிலிருந்து வெள்ளைவரை பதினொரு சாம்பல் கட்டங்களை ஒரு வரிசையாக வைத்தேன். அதன் கீழே பெரியப்பாவின் முகம், திருநீற்றோடு. அதன் பக்கத்தில் வெயிலில் மடிந்து தொங்கும் ராணி நிற வேட்டி, மஞ்சள் சேலையின் முந்தானை, காவடியில் கட்டிய தென்னங்கீற்றின் பச்சை. ஒரு மூலையில் 1867க்குப் பிந்தைய அந்தச் சீட்டுப் படத்தின் கறுப்பு வெள்ளை நகல். நான்கு ஓரங்களிலும் மில்லிமீட்டர் கோடுகளை அளவுகோல்போல வரைந்தேன். ஓரம் எவ்வளவு வெட்டுப்படுகிறது என்று எண்ணிப் பார்ப்பதற்காக. போர்ட் லூயிசில் ஒன்று, ரோஸ்ஹில்லில் இரண்டு, கியூர்பிப்பில் ஒன்று என நான்கு கடைகளுக்கு அதே கோப்பையே, 'எந்தத் திருத்தமும் வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

நான்கு பிரிண்டுகளையும் குழல்விளக்கில் பார்க்கக் கூடாது. ஒரே படம் ஒவ்வொரு விளக்கிலும் ஒவ்வொரு நிறமாகத் தெரியும். காலை பத்து மணிக்கு, வெயில் நேராக விழாத எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில், வெள்ளைத் துணி விரித்து அவற்றை வரிசையாக வைத்தேன். முதலிலேயே கண்ணில் பட்டது சாம்பல் கட்டங்கள்தான். ஒரு கடையின் பிரிண்டில் அவை மெல்லிய பச்சை பூசியிருந்தன. சீட்டுப் படத்தில் என் முன்னோரின் தலைப்பாகையும் அதே பச்சையில் இருந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தை வண்ணத்தாளில் அச்சிடும்போது மூன்று சாயங்களும் இம்மி பிசகாமல் சேர்ந்தால்தான் சாம்பல் சாம்பலாக வரும். ஆகவே லேபின் நேர்மையை அளக்க அதைவிட நல்ல உரைகல் கிடையாது. இன்னொரு கடை, 'திருத்தம் வேண்டாம்' என்று நான் எழுதியதையும் மீறி முகத்தை வெளுத்திருந்தது. பின்புறத்து எண்கள் அதைக் காட்டிக்கொடுத்தன.

மீந்த இரண்டும் கடினமான போட்டி. ஒன்று இங்க்ஜெட், மற்றது வெள்ளி உப்புத் தாள். ராணி நிற வேட்டியில் இங்க்ஜெட் வென்றது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்த நிறத்தின் அடர்த்தியைத் தாங்கும் ஆற்றல் சாயமையில் அதிகம். வேட்டியின் மடிப்புகளை என்னால் விரல்விட்டு எண்ண முடிந்தது. வெள்ளி உப்புத் தாளில் ஆழமான மடிப்புகள் மட்டும் தெரிந்தன. நுண்மடிப்புகள் ஒன்றோடொன்று கலந்திருந்தன. முகத்திலோ நிலைமை தலைகீழானது. கண்ணுக்குக் கீழே விழுந்த நிழல், அதில் ஓடிய வியர்வைக் கோடு, கன்ன எலும்பின் மேல் மின்னிய வெளிச்சம், அதைத் தொட்டு நிற்கும் திருநீற்றின் பொடிப்பொடியான விளிம்பு ஆகிய அனைத்தும் வெள்ளி உப்புத் தாளில் உயிரோடு இருந்தன. அம்மாவைக் கூப்பிட்டு ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் காட்டினேன். இரண்டாவதைக் கையில் எடுத்து, "இவர்தான்" என்றார்.

எனக்கு முகம்தான் முதன்மை, துணி அடுத்தது. அதனால் வெள்ளி உப்புத் தாளில் அச்சிட்டுத் தந்த ரோஸ்ஹில் லேபைத் தேர்ந்தெடுத்தேன். வேட்டியின் சிக்கலை நானே தீர்த்துக்கொள்ள வழியிருந்தது. தாளால் காட்ட முடியாத அடர்நிறத்தைக் கோப்பிலேயே ஒரு படி குறைத்து, அந்த நிறத்தில் மட்டும் வெளிச்சத்தையும் சிறிது தணித்துக் கொடுத்தால், மடிப்புகள் திரும்பி வந்துவிடுகின்றன. லேபில் கேட்டால் தங்கள் இயந்திரத்துக்கும் தாளுக்கும் உரிய நிறக்குறிப்புக் கோப்பைத் தருவார்கள். அதைக் கணினியில் ஏற்றினால், எந்த நிறம் தாளில் அடிபடும் என்பதைத் திரையிலேயே முன்கூட்டிப் பார்க்கலாம். கேட்டவுடன் அக்கோப்பை அனுப்பி வைத்த லேப் நான்கில் இது ஒன்றுதான். என் முடிவுக்கு இதுவும் ஒரு காரணம்.

நம் பக்கத்துப் பிழைகளைச் சரிசெய்யாமல் லேபைக் குறைசொல்வதும் முறையாகாது. என் கணினித் திரையின் வெளிச்சம் முழு அளவில் இருந்தது. ஒளிரும் திரையில் சரியாகத் தெரியும் படம், தானாக ஒளிராத தாளில் இருட்டாகத்தான் வரும். இப்போது திரையின் வெளிச்சத்தைப் பாதி அளவுக்கும் கீழே வைத்து, பக்கத்தில் ஒரு நல்ல பிரிண்டை வைத்து ஒப்பிட்டுக்கொண்டே திருத்துகிறேன். கேமராவில் 'அடோபி ஆர்ஜிபி' என்ற நிறவெளியை, அதாவது படம் கொள்ளக்கூடிய நிறங்களின் வரம்பை, தேர்ந்தெடுத்திருப்பவர்கள், லேபுக்குக் கொடுக்குமுன் 'எஸ்ஆர்ஜிபி'க்கு மாற்றிவிடுவது நலம். பெரும்பாலான லேப்கள் எதிர்பார்ப்பது அதைத்தான், மாற்றாவிட்டால் படம் சோகை பிடித்தாற்போல வரக்கூடும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அப்படியே அச்சிடக் கொடுக்காதீர்கள் என்பதை மட்டும் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். வழக்கமான முறையில் அனுப்பினால் அது படத்தின் நீளப் பக்கத்தைச் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருக்கி, நுண்விவரங்களையும் நசுக்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்.

மயிற்பீலி வெட்டுப்பட்டதற்கும் கணக்கு உண்டு. கைப்பேசிப் படம் பெரும்பாலும் 4க்கு 3 என்ற விகிதத்தில் இருக்கிறது. 10க்கு 15 சென்டிமீட்டர் தாளோ 3க்கு 2. குறுக்குவாக்கில் எடுத்த படத்தைத் தாள் நிறைய அச்சிட்டால் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். அது காவடியின் உச்சியாகவோ பாதமாகவோதான் இருக்கும். கைப்பேசிப் படத்துக்கு 11.5க்கு 15 என்ற அளவைக் கேட்டு வாங்கலாம். அந்த அளவு இல்லாத கடையில் வெள்ளை ஓரம் விட்டு முழுப்படத்தையும் அச்சிடச் சொல்லலாம். நான் கேமராவில் எடுத்த படங்கள் 3க்கு 2தான். அப்படியிருந்தும் பீலி போனதற்குக் காரணம், அவற்றில் சிலவற்றை நான் 20க்கு 25 அளவில் கேட்டிருந்தது. அந்த அளவுக்குப் படத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு போகும். விகிதம் சரியாக இருந்தாலும், ஓரமில்லாப் பிரிண்டில் இயந்திரம் படத்தைச் சற்றே பெரிதாக்கி அச்சிடும். என் அளவுகோல் கோடுகளில் எண்ணியபோது ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் காணவில்லை. எடுக்கும்போதே தலைக்குமேல் இடம் விட்டு எடுக்கப் பழகிக்கொண்டேன்.

பிக்சல் கணக்கைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் 20க்கு 30 சென்டிமீட்டர் படத்துக்குச் சுமார் 2400க்கு 3600 பிக்சல் போதும். இன்றைய கேமராக்கள் எல்லாமே அதைத் தாண்டியவை.

தாளின் மேற்பரப்பைத் தேர்ந்தெடுப்பதில் இந்தத் தீவின் தட்பவெப்பத்தையும் கருத வேண்டும். எங்கள் அத்தை வீடு கியூர்பிப்பில் இருக்கிறது. மேட்டுநிலம், மழையும் மூடுபனியும் ஓயாத ஊர், அலமாரியில் வைத்த தோல்செருப்பும் பூஞ்சை பிடிக்கும். வண்ணத்தாளின் மேல் உள்ள ஜெலட்டின் படலம் பூஞ்சைக்கு நல்ல தீனி. அவர் வீட்டுச் சுவரில், கண்ணாடியில் நேரே படியுமாறு சட்டமிட்ட பளபளப்புப் படம் ஒன்று ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. அதைப் பிரிக்கப் போனபோது என் மாமாவின் முகத்தில் பாதி கண்ணாடியோடு வந்துவிட்டது. அதன் மூலக்கோப்பும் எங்களிடம் இல்லை. அதற்குப்பின் பளபளப்புத் தாளை விட்டுவிட்டு, மேற்பரப்பில் மெல்லிய சொரசொரப்பு உள்ள லஸ்டர் தாளையே கேட்டு வாங்குகிறேன். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் கனமான அட்டைச் சட்டம் வைக்கிறேன். பசை தடவிய பக்கத்தில் அமுக்கி மேலே பிளாஸ்டிக் உறையை மூடும் ஆல்பங்களைக் கண்டால் வாங்காதீர்கள். அந்தப் பசை ஆண்டுகள் செல்லச் செல்லப் படத்தைத் தின்றுவிடும்.

வெளிநாட்டு லேப்களுக்கு இணையம் வழியே அனுப்பி வரவழைக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காட்டிய பெரிய பிரிண்டுகள் சில மிக அழகானவை. ஆனால் நிறம் சற்றுப் பிசகினால் கையில் எடுத்துக்கொண்டு போய், 'இதைப் பாருங்கள்' என்று காட்டுவதற்கு அங்கே ஆள் இல்லை. எனக்கு அந்த 'இதைப் பாருங்கள்' மிகவும் வேண்டியிருக்கிறது.

நான் தேர்ந்தெடுத்த லேபில் இயந்திரத்தை ஓட்டுபவர் பிலிம் கழுவும் காலத்திலிருந்தே அந்தத் தொழிலில் இருப்பவர். முதன்முறை முழுத் தொகுப்பையும் கொடுக்கப் போனபோது, பெரியப்பாவின் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, திருநீறு தனியே நிற்க வேண்டுமென்றால் முகத்தை ஓர் இம்மி இருட்டாக்குவதே நல்லது, ஒளிகூட்டுவது தவறு என்று அவராகவே சொன்னார். அவருடைய தந்தையும் காவடி எடுத்தவராம். இரண்டு சிறிய சோதனைத் துண்டுகளை அச்சிட்டு, வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் இருவரும் நின்று பார்த்தோம். இரண்டாவது துண்டையே தேர்ந்தெடுத்தோம். அந்தத் துண்டுகளுக்கு அவர் காசு வாங்கவில்லை.

சீட்டுப் படத்தை மட்டும் அவரிடம் கொடுக்கவில்லை. அவரே வேண்டாம் என்றார். கறுப்பு வெள்ளைக்கு நிறமி மையில், பருத்தித் தாளில் அச்சிடுவதுதான் நிலைக்கும், அது தன்னிடம் இல்லை என்று சொல்லி, ஓவியங்களுக்கு நகலெடுக்கும் வேறொருவரிடம் அனுப்பினார். அங்கே அச்சான படம் இப்போது எங்கள் முன்னறையில், வெயில் படாத சுவரில் இருக்கிறது.

இந்த ஆண்டுத் தைப்பூசம் முடிந்த வாரத்தில் நாற்பத்திரண்டு படங்களைக் கொடுத்தேன். உறையின் மேல் 'திருத்தம் வேண்டாம், லஸ்டர், ஓரம் விட்டு' என்று எழுதினேன். வாங்கி வந்த அன்று மாலை பெரியப்பாவே வீட்டுக்கு வந்திருந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தம் படத்தை விளக்கருகே கொண்டுபோனார். காவடி உச்சியில் இருந்த பீலிகளை ஒன்று, இரண்டு என்று விரல் வைத்து எண்ணி, "பதினொன்று. சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, அண்ணன் மகளிடம் அந்தப் படத்தை நீட்டினார்.